செயற்கைத் தைராக்சின்: கடுகளவு மருந்து

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். ஒரு கடுகின் எடை ஏறத்தாழ 2 மில்லிகிராம். நான் இங்கே எழுத எடுத்துக்கொண்ட பொருளை அந்த ஒரு கடுகின் எடைக்கு நிறுத்து எடுத்தால் ஒரு மனிதருக்கு அது 20 நாளைக்குப் போதும். ஒரு கிராம் எடுத்தால், நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் என்ற கணக்கில், 10,000 நாள்களுக்கு வரும். அதாவது 27 ஆண்டுகள். இவ்வளவு சிறிய அளவில் உடலுக்குள் சென்று பெரிய வேலையைச் செய்யும் அந்தச் சேர்மத்தின் பெயர் தைராக்சின். மருந்துக்கடையில் கிடைப்பது அதன் சோடியம் உப்பு. லெவோதைராக்சின் சோடியம் என்பது முழுப்பெயர்.

மலருக்குக் கட்டுரை தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் கண்டபோது நான் முதலில் எழுத நினைத்தது பலபடிச் சேர்மங்களைப் பற்றி. வகுப்பில் நடந்துகொண்டிருந்ததால் குறிப்புகளும் கையில் இருந்தன. தலைப்பை மாற்றிக்கொண்டதற்குக் காரணம், எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் திட்டில் காகிதப் பொட்டலத்தில் கிடந்த மாத்திரைகள். அவை என் தாயாருடையவை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். சேர்மத்தைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கதை விளங்காது. எனக்கும் அப்படித்தான் விளங்காமல் இருந்தது.

ஆட்டிலிருந்து ஆய்வகத்திற்கு

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறகு விரித்ததுபோல் ஒட்டியிருப்பது தைராய்டு. கேடயச் சுரப்பி என்று நம் பாடநூல்கள் கூறும் நாளமில்லாச் சுரப்பி இது. இதன் சுரப்பு குறைந்தால் உடலின் அடுப்பு மெல்ல அணைவதுபோல் ஆகிவிடும். சோர்வு, குளிர் தாங்காமை, முகம் உப்புதல், தோல் வறட்சி, மலச்சிக்கல், குரல் தடித்தல், மறதி என்று ஒவ்வொன்றாக வரும். ஒரே நாளில் வராது என்பதால் பலர் இதை வயதின் தளர்ச்சி என்று எண்ணி விட்டுவிடுகின்றனர்.

1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர் ஜார்ஜ் மரே, இந்நோய் முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்குச் செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசிவழியே செலுத்தினார். அப்பெண் தேறினார். பிற்பாடு அதையே வாய்வழி உட்கொண்டு மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் தம் 74ஆம் வயதில் மறைந்தார். அவர் ஒருவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டனவாம். அந்தச் சாற்றில் இருந்த மருந்துப்பொருள் எது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 1895இல் ஜெர்மானிய வேதியியலார் ஆய்கன் பௌமன் சுரப்பியில் அயோடின் இருப்பதைக் கண்டார். கடற்பாசிச் சாம்பலிலிருந்து 1811இல் கூர்த்துவா பிரித்தெடுத்த அதே அயோடின் நம் கழுத்திலும் இருக்கிறது என்ற செய்தி அக்காலத்தில் எவ்வளவு வியப்பூட்டியிருக்கும்!

சேர்மத்தைத் தூய படிகமாகப் பிரித்தவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய எட்வர்டு கெண்டல். நாள் 1914 டிசம்பர் 25. உலகமெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய அன்று அவர் ஆய்வகத்தில் இருந்தார். தொடர்ந்து அவர் ஏறத்தாழ 3 டன் பன்றித் தைராய்டுகளைப் பதப்படுத்திப் பெற்றது 33 கிராம் மட்டுமே. ஆனால் அமைப்பைக் கணிப்பதில் கெண்டல் தவறிவிட்டார். மூலக்கூறில் இண்டோல் வளையம் இருப்பதாகவும் அயோடின் அணுக்கள் மூன்று என்றும் கருதினார். பின்னாளில் கார்ட்டிசோன் ஆய்வுக்காக 1950இல் நோபெல் பரிசு பெற்றவரே இப்படித் தவறியிருக்கிறார் என்பது, பருவத்தேர்வில் அமைப்பு வாய்பாட்டைத் தவறாக வரைந்துவிட்டு வருந்தும் நம்மைப் போன்றோருக்கு ஒரு சிறு ஆறுதல்.

தவறைத் திருத்தியவர் இலண்டனைச் சேர்ந்த சார்லஸ் ஹாரிங்டன். அவர் தைராக்சினிலுள்ள அயோடின் முழுவதையும் பல்லேடிய வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனால் நீக்கி, எஞ்சிய கூட்டை ஆராய்ந்தார். அது டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு இன்னொரு ஃபீனால் வளையம் ஆக்சிஜன் பாலத்தால் இணைந்த பொருள் என்று 1926இல் நிறுவினார். மறு ஆண்டே ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து தைராக்சினைச் செயற்கையாகவும் தயாரித்துக் காட்டினார். ஓர் அமைப்பைச் சொல்வது ஒன்று, சொன்னபடியே கட்டிக்காட்டுவது வேறொன்று. இரண்டையும் செய்தவர்கள் இவர்கள்.

அமைப்பும் தயாரிப்பும்

தைராக்சின் மூலக்கூறில் கார்பன் 15, ஹைட்ரஜன் 11, அயோடின் 4, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 4. மூலக்கூறு எடை ஏறத்தாழ 776.9. இதில் நான்கு அயோடின் அணுக்கள் மட்டுமே 507.6 ஆகின்றன. ஆக, மொத்த எடையில் 65 விழுக்காட்டுக்கு மேல் அயோடின். உயிர்ச் சேர்மங்கள் என்றாலே கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று பழகிவிட்ட நமக்கு இது புதுமை.

இரண்டு பென்சீன் வளையங்கள் நடுவே ஓர் ஈதர்ப் பாலம். உள்வளையத்தில் 3, 5 என்ற இடங்களில் இரு அயோடின்கள். அதனோடு அமினோ அமிலப் பக்கச்சங்கிலி. வெளிவளையத்தில் ஃபீனாலின் ஹைட்ராக்சில் தொகுதி. அதன் இருபுறமும் காவலர்போல் இரு அயோடின்கள். உள்வளைய அயோடின்கள் பருத்தவை. ஆகையால் இரு வளையங்களும் ஒரே தளத்தில் படுத்திருக்க இயலாது. ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. மூலக்கூறின் இந்த வளைந்த வடிவம்தான் செல்லிலுள்ள ஏற்பிக்குப் பொருந்துகிறது.

மலிவாகவும் தூயதாகவும் தயாரிக்கும் வழி, இங்கிலாந்தின் கிளாக்சோ ஆய்வகத்தார் 1949இல் வெளியிட்ட முறையால் திறந்தது. அதைப் படித்தபோது நம் கரிம வேதியியல் பாடமே வரிசையாக வந்து நிற்பதுபோல் இருந்தது. இயற்கையில் கிடைக்கும் எல்-டைரோசினில் தொடங்குகிறார்கள். நைட்ரோ ஏற்றம் செய்து 3, 5 இடங்களில் இரு நைட்ரோ தொகுதிகளைப் புகுத்துகிறார்கள். அமினோ தொகுதியை அசெட்டைல் தொகுதியாலும், கார்பாக்சிலை எஸ்டராக்கியும் காப்பாற்றிவிட்டு, 4-மெத்தாக்சி ஃபீனாலைக் கொண்டுவந்து ஈதர்ப் பாலத்தை அமைக்கிறார்கள். நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரான்களைத் தம்பால் இழுத்து வைத்திருப்பதால்தான் இந்த இணைப்பு எளிதாக நடக்கிறது. வேலை முடிந்தபின் அதே நைட்ரோக்களை அமினோவாக ஒடுக்கி, நைட்ரஸ் அமிலத்தால் டயசோனியமாக்கி, அயோடைடு சேர்த்து அயோடின்களாக மாற்றுகிறார்கள். அனிலினிலிருந்து அயோடோபென்சீன் தயாரிப்பதாக நாம் எழுதுகிறோமே, அதே வினைதான்! பின்பு ஹைட்ரயோடிக் அமிலத்தால் காப்புத் தொகுதிகளையும் மெத்தில் தொகுதியையும் களைந்துவிட்டு, இறுதியில் காரத்தன்மையுள்ள கரைசலில் அயோடின் சேர்க்க, வெளிவளையத்தில் ஹைட்ராக்சிலின் இருபுறமும் இரு அயோடின்கள் ஏறிக்கொள்கின்றன. மனப்பாடம் செய்வதற்கென்றே படைக்கப்பட்டவை என்று நான் எண்ணியிருந்த வினைகள், மாத்திரையாகி எங்கள் வீட்டு ஜன்னல் திட்டுவரை வந்திருக்கின்றன.

எல்-டைரோசினில் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. தைராக்சினில் சீர்மையற்ற கார்பன் ஒன்று இருக்கிறது. ஆகவே எல், டி என இரு ஆடிப்பிம்ப வடிவங்கள். ஹாரிங்டன் முதலில் தயாரித்தது இரண்டும் கலந்த கலவை. உடல் சுரப்பது எல் வடிவத்தை மட்டுமே. ஹார்மோன் வேலையை நன்கு செய்வதும் அதுவே. எதிர் வடிவமான டி-தைராக்சின் இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று கருதி 1960களில் இதய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய இதய மருந்து ஆய்வொன்றில், அதை உண்டவர்களிடையே இறப்பு மிகுந்ததால் 1971இல் அந்தப் பிரிவையே நிறுத்த நேர்ந்தது. கண்ணாடியில் தெரியும் உருவமும் நாமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று வேண்டியதில்லை. இன்னொரு விந்தையையும் இங்கே சொல்லவேண்டும். ‘லெவோ’ என்றால் தள ஒளியை இடப்புறம் சுழற்றுவது. கார எத்தனாலில் கரைத்தால் இது அவ்வாறே சிறிதளவு இடப்புறம் சுழற்றுகிறது. ஆனால் அமில எத்தனாலில் கரைத்தால் வலப்புறம் சுழற்றுகிறது! பொருள் மாறவில்லை, அதன் அயனி நிலைதான் மாறியது. பெயரை வைத்து எடைபோடக்கூடாது என்று எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி கூறுவது இதற்கும் பொருந்தும்.

பண்புகள்

லெவோதைராக்சின் சோடியம் வெண்மை அல்லது இளம் பழுப்பு மஞ்சள் நிறமுள்ள பொடி. நீர் ஏற்ற நிலையில் ஒரு மூலக்கூறுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும். 25 டிகிரி வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் கரையும். எத்தனாலிலும் சிறிதே கரையும். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் நன்கு கரைந்துவிடும். உப்பாக்கியும் இவ்வளவுதான் கரைகிறது என்றால், தனி அமிலத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரைக்கு உப்பைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான்.

காரத்தில் கரைவதற்குக் காரணம் ஃபீனால். சாதாரண ஃபீனாலின் அமில வலிமையைக் காட்டும் பி.கே.ஏ. மதிப்பு 10. தைராக்சினின் ஃபீனாலுக்கு அது 6.7. பக்கத்திலிருக்கும் இரு அயோடின்கள் எலக்ட்ரானை இழுப்பதால் புரோட்டான் எளிதில் விடுபடுகிறது. நம் இரத்தத்தின் பி.எச். 7.4. அப்படியானால் இரத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு மூலக்கூறுகள் ஃபீனாக்சைடு அயனியாகவே உலவுகின்றன. இந்த ஃபீனால் தொகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன்.

இதை அடையாளம் காணும் சோதனை எளிது. சிறிது பொருளைப் பீங்கான் கிண்ணத்திலிட்டு, சில துளி அடர் கந்தக அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் ஊதா நிற ஆவி எழும். அயோடின்! அளவை அறியும் முறையோ இன்னும் அழகானது. பொருளை ஆக்சிஜன் நிறைந்த குடுவையில் எரித்து, வரும் அயோடினைக் காரக் கரைசலில் உறிஞ்சி, புரோமினால் அயோடேட்டாக மாற்றுகிறார்கள். மிஞ்சிய புரோமினை நீக்கியபின் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால், ஓர் அயோடேட்டு மூன்று அயோடின் மூலக்கூறுகளை விடுவிக்கும். அவற்றுக்கு ஆறு தயோசல்ஃபேட்டு தேவை. ஆகவே நான்கு அயோடின் கொண்ட ஒரு தைராக்சின் மூலக்கூறுக்கு 24 தயோசல்ஃபேட்டு. கணக்கிட்டுப் பார்த்தேன். 100 மில்லிகிராம் தைராக்சினிலுள்ள அயோடினை அப்படியே தரம்பார்த்தால் பத்திலொரு நார்மல் தயோசல்ஃபேட்டு 5 மில்லிலிட்டர் அளவில் முடிந்துவிடும். அயோடேட்டாக மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 30.9 மில்லிலிட்டர் வரும். பியூரெட்டில் ஒரு துளி பிழைத்தால் எதில் சேதம் குறைவு என்பது செய்முறை வகுப்பில் கைநடுங்கிய எல்லோருக்கும் தெரியும். இதை நம் ஆய்வகத்தில் செய்துபார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் 100 மில்லிகிராம் வேண்டுமானால் 100 மைக்ரோகிராம் மாத்திரைகள் ஆயிரத்தைப் பொடிக்கவேண்டும். இன்று மருந்துத் தொழிற்சாலைகளில் உயர்திறன் நீர்ம நிறப்பிரிகை முறையால் இதைவிடச் சிறிய அளவையே துல்லியமாகக் காண்கிறார்கள்.

இனி குறைகள். ஒளி, வெப்பம், ஈரம், காற்று ஆகிய நான்கும் இதற்குப் பகை. ஒளிபட்டால் பொடி இளஞ்சிவப்பாக மாறும். கார்பன்-அயோடின் பிணைப்பு, ஹாலஜன் பிணைப்புகளில் நொய்ந்தது அல்லவா? அது மெல்ல அறுந்து அயோடின் கழன்றுகொள்ளும். மாத்திரையில் மருந்து குறைந்தாலும் மாத்திரையின் உருவம் குறையாது. கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1997இல் இதே காரணத்தைச் சொல்லி, அதுவரை பல்லாண்டுகளாக விற்றுவந்த தைராக்சின் மாத்திரைகள் அனைத்தும் புதிதாக அனுமதி பெறவேண்டும் என்று ஆணையிட்டது. 2007இல் இன்னும் ஒருபடி சென்று, காலாவதி நாள்வரை மாத்திரையில் குறித்த அளவில் 95 முதல் 105 விழுக்காடு மருந்து இருந்தே ஆகவேண்டும் என்றது.

ஜன்னல் திட்டுக் கதை

என் தாயார் பள்ளிக்குச் சென்றதில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே ரேஷன் கடைச் சீட்டிலிருந்து மருந்துச் சீட்டுவரை எது வந்தாலும் என் கைக்கு வரும். நான் சொல்வதுதான் முடிவு. இரண்டாண்டுகளுக்குமுன் அம்மா களையெடுக்கப் போன இடத்தில் குனிந்தால் நிமிர முடியவில்லை என்றார். முகம் உப்பியிருந்தது. சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொண்டு படுத்தார். ஒரு மருத்துவமனையில் இரத்தம் பார்த்ததில் டி.எஸ்.எச். 46 என்று வந்தது. பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தட்டியெழுப்ப அனுப்பும் ஹார்மோன் அது, ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருப்பது இயல்பு. தைராய்டு தூங்கத் தூங்க இந்தத் தட்டல் ஓங்கும். கூடவே இரத்தச்சோகை. தைராக்சின் 50 மைக்ரோகிராம், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை என்று மூன்று எழுதிக் கொடுத்தார்கள்.

“மூணையும் காலையிலேயே ஒண்ணாப் போட்டுரும்மா, மறக்காது” என்று சொன்னவள் நான்தான். அம்மா அப்படியே செய்தார். விடியற்காலையில் வரக்காப்பியோடு மூன்றையும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். தைராக்சினை அவ்வப்போது பதினைந்து மாத்திரையாக உதிரியில் வாங்குவோம். புட்டி முழுவதும் வாங்கப் பணம் இருக்காது. கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தருவதை அடுப்புக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைப்போம். காலை வெயில் நேரே படும் இடம்.

மூன்று மாதம் கழித்து டி.எஸ்.எச். 38. மருந்தை 75 ஆக்கினார்கள். அடுத்த முறை 33. பிறகு 100. அப்போதும் 29. “மாத்திரையை ஒழுங்காப் போடுறியா இல்லையா?” என்று வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அங்கே ஒருவர் கேட்டார். அம்மா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. என் முகத்தைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டாமாண்டில் ஃபீனால் பாடம் வந்தது. ஃபெர்ரிக் குளோரைடு சேர்த்தால் ஊதா நிறம், இரும்பும் ஃபீனாலும் சேர்ந்த அணைவுச் சேர்மம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். அன்று மாலை நூலகத்தில் மருந்தியல் நூலொன்றில் தைராக்சினின் அமைப்பைப் பார்த்தேன். ஃபீனால்! அடுத்த பக்கத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. இரும்பு அயனி தைராக்சினோடு பிணைந்து எளிதில் கரையாத அணைவைத் தருகிறது. கால்சியம் கார்பனேட்டும் அதைத் தன்மேல் பற்றிக்கொள்கிறது. காப்பியும் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் உண்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உணவு கொள்ளவேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நல்ல நிலையிலேயே விழுங்கியதில் 40 முதல் 80 விழுக்காடுதான் இரத்தத்தில் சேரும் என்றால், எங்கள் வீட்டு முறையில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? காப்பி, இரும்பு, சுண்ணாம்பு, வெயில் என்று நான்கையும் கடந்து வந்ததைத்தான் அம்மாவின் உடல் பெற்றுவந்தது.

எங்கள் கரிம வேதியியல் விரிவுரையாளரிடம் புத்தகத்தைக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, “மருத்துவரிடம் போய் இதைச் சொல். நீயாக எதையும் மாற்றாதே” என்றார். அடுத்த முறை இருந்த மருத்துவர் கேட்டுக்கொண்டார். 100 மைக்ரோகிராமே இருக்கட்டும், நேரத்தை மட்டும் மாற்றுங்கள், எட்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். புட்டியாக வாங்கச் சொன்னார். வாங்கினோம். எட்டு வாரத்துக்குள் அம்மாவுக்குப் படபடப்பும் கைநடுக்கமும் வந்தன. டி.எஸ்.எச். 0.1. இம்முறை மருந்து அதிகம்! 75 ஆகக் குறைத்தபின் 2.6 என்று வந்து நின்றது. அம்மாவின் எடை 48 கிலோ. முழு அளவு மருந்து தேவைப்படுவோருக்குக் கிலோ ஒன்றுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது நூற்கணக்கு. பெருக்கினால் 76.8. சரியாகச் சேரும்போது வேதியியல் எவ்வளவு நேர்மையாக இருக்கிறது!

நான் சொன்னதால்தான் இத்தனை நாள் இழுத்தது என்று அம்மாவிடம் சொன்னேன். “ஒனக்கு மட்டும் என்ன தெரியும், நீயும் படிச்சுக்கிட்டுத்தான இருக்க” என்றார்.

உடலுக்குள் நடப்பதும் பயன்களும்

இரத்தத்தில் சேர்ந்த தைராக்சினில் 99.9 விழுக்காட்டுக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு செல்கிறது. தனித்து உலவும் சொற்பமே வேலை செய்வது. இந்தச் சேமிப்பினால்தான் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ ஏழு நாள். நாளுக்கு ஒரு மாத்திரை போதுமென்பதும், அளவை மாற்றினால் பலன் அறிய ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான்.

உண்மையில் செல்லுக்குள் மிகுந்த வேலையைச் செய்வது தைராக்சின் அல்ல. மூன்று அயோடின் கொண்ட அதன் உறவினர், டி-3 எனப்படும் டிரையயோடோதைரோனின். 1952இல் இலண்டனில் ஜாக் கிராசும் ரோசலிண்ட் பிட்-ரிவர்சும் இதை அறிவித்தனர். வெளிவளையத்திலுள்ள ஓர் அயோடினை நொதி ஒன்று கழற்றித் தைராக்சினை டி-3 ஆக்குகிறது. அந்த நொதியில் செலினியம் இருக்கிறது. உள்வளைய அயோடினைக் கழற்றிவிட்டாலோ பயனற்ற பொருள்தான் கிடைக்கும். ஓர் அணு எந்தப் பக்கத்தில் கழல்கிறது என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. தைராய்டே இல்லாதவர்களுக்குத் தைராக்சின் கொடுத்தாலும் அவர்கள் உடல் டி-3 தயாரித்துக்கொள்கிறது என்று 1970இல் மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் தைராக்சின் மட்டும் கொடுத்தால் போதும் என்ற வழக்கம் வலுப்பெற்றது. விலங்கியல் நண்பர்களுக்கு ஒரு செய்தி: 1912இல் குடெர்னாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுச் சதையை உணவாகக் கொடுத்தபோது, அவை வளராமலேயே காலத்துக்கு முன்னே குட்டித் தவளைகளாகிவிட்டன.

தைராய்டு குன்றியவர்களுக்கும், அறுவையில் அதை அகற்றியவர்களுக்கும், சிலவகைத் தைராய்டுப் புற்றுநோயில் டி.எஸ்.எச்.ஐ அடக்கி வைப்பதற்கும் இம்மருந்து பயன்படுகிறது. கருவுற்ற தாய்க்கு அளவு கூடுதலாகத் தேவைப்படும். எல்லாவற்றிலும் மேலாக நான் கருதுவது பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் உதவி. பிறவியிலேயே தைராய்டு இல்லாத குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் மருந்தின்றி விட்டால் மூளை வளர்ச்சி என்றென்றைக்கும் குன்றிவிடும். குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்டறியும் முறையை 1970களில் கனடாவின் கியூபெக்கில் ஜான் டூசோ தொடங்கிவைத்தார். இரண்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப்போலவே படிக்கும், ஓடும். கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் வேண்டும். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடப் பல மடங்கு!

உடல் மெலிவதற்காக இதை உண்போர் உண்டு. இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் நலியும். அது வேண்டாத வேலை.

அயோடின் உப்பு சாப்பிட்டால் இது தீராதா என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். இமயமலை அடிவாரங்களில் மண்ணிலிருந்த அயோடினை மழையும் பனியாறுகளும் அடித்துச் சென்றுவிட்டதால் கழலை நோய் மிகுதி. இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 முதல் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமி குழுவினர், சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்து, அயோடினால் கழலை குறைவதைக் காட்டினார்கள். 1962இல் இந்திய அரசின் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. அயோடின் குறைவால் வரும் நோய்க்கு உப்பு காப்பு. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கி அழிக்கும் நோயும் உண்டு. 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்தது அது. என் தாயாருக்கு இருப்பதும் அதுதான் என்றார் மருத்துவர். அங்கே அடுப்பே இடிந்துபோயிருக்கிறது. விறகு கொண்டுபோய்க் கொட்டிப் பயனில்லை. மாத்திரைதான் வழி.

இப்போது புட்டி அதன் மூடியோடு, அரிசிப் பானைக்குப் பின்னால் இருட்டில் ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கிறது. அம்மா ஐந்து மணிக்கு எழுந்ததும் தண்ணீரோடு ஒரு மாத்திரை. வரக்காப்பி ஆறு மணிக்கு. இரும்பு மாத்திரையைத் தாளில் மடித்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு போகிறார். மதியம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளிக் கஞ்சியைக் குடித்து முடித்தபின் போட்டுக்கொள்கிறார். கால்சியம் இராத்திரிக்கு.